கங்காணி விழுந்த மாலை

சுகுமாரன் அண்ணனுக்குத் தன் கை வெந்தது வாசனையில்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அது. செனாவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கறிவேப்பிலை கொடுக்கப் போன நான் அவர்கள் அடுப்படியில் நின்றிருந்தேன். அண்ணனின் மனைவி ரதி அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அண்ணனின் அப்பா ஆறுமுகம் மாமா மேசையில் கறுப்புக் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் காய்ந்த தோசைக் கல்லை நகர்த்தி வைக்க இடது கையால் பிடித்தார். பிடித்தபடியே மாமாவிடம் மோட்டார் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்.

"என்னாங்க, கருகுது?" என்றார் அக்கா.

"தோசையா இருக்கும்."

"தோசை இன்னும் ஊத்தவே இல்லலா!"

அண்ணன் குனிந்து பார்த்தார். கல்லின் ஓரத்தில் அவருடைய விரல்கள் இருந்தன. அவர் கத்தவில்லை. கையை எடுத்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா அவரை இழுத்துப் போய்க் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்தார். தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று கேட்டார். "சத்தம் கேக்குது" என்றார் அண்ணன்.

அன்றைக்குத்தான் கை மரத்துப்போய் எத்தனை நாளாகிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது. தொழிற்சாலையில் அண்ணனுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. அதன் ஸ்டீயரிங்கை இடது கையால்தான் சுழற்ற வேண்டும். கை பிடித்திருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டுதான் ஓட்டுவதாகச் சொன்னார். விரல் மடங்கும், நீளும், சொன்னதைச் செய்யும். தொட்டதை மட்டும் சொல்லாது.

சிரம்பானில் டாக்டர் பார்த்த விவரத்தை அக்கா சொல்லித்தான் கேட்டேன். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நெரிக்கிறதாம். என்ன வேலை என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"ஃபோர்க்லிஃப்ட்."

"முழுசாச் சொல்லுங்க" என்றிருக்கிறார் அக்கா.

"லீவு நாள்ல விழுவேன், டாக்டர்."

"எங்கேர்ந்து?"

"மேலேர்ந்துதான்."

இதைச் சொன்னபோது அக்கா சிரித்தாரா, இல்லை வேறு மாதிரி இருந்தாரா என்று இப்போது யோசித்தால் எனக்கு நிச்சயமில்லை. டாக்டர் சிரிக்கவில்லையாம். இன்னொரு முறை தப்பாக விழுந்தால் கையோடு நிற்காது, காலும் போகலாம் என்றிருக்கிறார். ஆப்பரேஷனுக்குத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தூக்கவும் கூடாது, விழவும் கூடாது.

விழுவதுதான் அண்ணனின் தொழில். தொழிற்சாலைச் சம்பளத்தில் வீடு நடந்தாலும், அவரைக் கேட்டால் இதைத்தான் தொழில் என்பார். புக்கிட் பெலண்டோக் பக்கம், ரப்பரும் செம்பனையும் போட்ட தோட்டத்தில் பிறந்தவர். டிவியில் ரெஸ்லிங் பார்த்துவிட்டு, தொழிலாளர் லயத்து வீடுகளில் தூக்கிப் போட்ட மெத்தைகளைச் செம்பனைக் காட்டில் விரித்துக் குதித்து ஆரம்பித்தது. பிறகு கோலாலம்பூரில் ஒரு குழுவில் சேர்ந்தார். முதலில் நல்லவன் வேஷம். பளபளப்பான சிவப்புக் கால்சட்டையோடு கும்பிட்டுக்கொண்டே வருவார். ஒருவரும் கை தட்ட மாட்டார்கள். அப்புறம்தான் கூலிகளை மேய்க்கும் கங்காணி வேஷம் வந்தது. காக்கி அரைக்கால்சட்டை, கறுப்புக் கோட்டு, பெரிய தலைப்பாகை, கையில் குடை, கழுத்தில் ஊதல். ரிங்கில் ஏறியதும் ஊதலை ஊதி, அந்தக் காலத்துத் தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கெடுப்பதுபோலப் 'பெரட்டு' கூப்பிடுவார். சோம்பேறிகளே, கழுதைகளே என்று கூட்டத்தைத் திட்டுவார். மண்டபமே எழுந்து நின்று அவரை ஏசும். கங்காணி யார் என்றே தெரியாத மலாய்ப் பையன்களும் சீனப் பையன்களும்கூட, அவர் குடையை ஆட்டுகிற விதத்தைப் பார்த்தே ஏசினார்கள். அவர் ஆடுவதெல்லாம் கடைசியில் விழுவதற்காகத்தான். அவர் எவ்வளவு நன்றாக விழுகிறாரோ, அவ்வளவு பெரிய ஆளாக எதிராளி தெரிவான்.

எதிராளி பெரும்பாலும் ஹைகல். மம்பாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சித்திக் பாயின் மகன். நெடுநெடுவென்று இருப்பான். பகலில் கடையில் ரொட்டிக்கு மாவு வீசும் கை, சனிக்கிழமைகளில் அண்ணனைத் தலைக்கு மேல் தூக்கும். நான் அவர்களை மூன்று நான்கு முறை பார்த்திருக்கிறேன். ரிங்குக்குள் ஒருவரை ஒருவர் கொல்வதுபோல் முறைப்பார்கள். வெளியே வந்ததும் ஒரே தட்டில் மீகோரேங் தின்பார்கள்.

அவர்களுக்குள் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் ஒருவருக்கொருவர் எங்கே வலி என்று சொல்லிவிட வேண்டும். வலிக்கிற இடத்தில் மற்றவன் கை வைக்கமாட்டான். இன்னொன்று, தூக்கிப் போட்டவன், விழுந்தவன்மேல் பாய்ந்து அடிக்கிற சாக்கில் அவனுடைய இடது கையை யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை அமுக்குவான். விழுந்தவன் திருப்பி அமுக்கினால் சுகமாக இருக்கிறான், ஆட்டம் தொடரலாம். அமுக்காவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இதை எனக்குச் சொன்னது ஹைகல்தான். "அது ஒண்ணுதான் நெசம், புனிதாக்கா. மத்ததெல்லாம் நடிப்பு" என்றான்.

டாக்டரிடம் போய் வந்த வாரமே தோட்டத்திலிருந்து நல்லசாமி வந்தார். கோயில் தலைவர். திருவிழாவுக்கு மறுநாள் மாலை, கோயில் திடலில் ரெஸ்லிங் வைப்பதாகக் கமிட்டியில் முடிவாகிவிட்டதாம்.

"நம்ம தோட்டத்துப் பையன், ஊரெல்லாம் போய் ஆடுறான், நாமதான் பாத்ததில்லன்னு எல்லாரும் கேக்குறாங்கலா. ஒண்ணு மட்டும் சொல்லிப்புடறேன் தம்பி. கங்காணி ஜெயிக்கப்படாது. ஜனம் சும்மா விடாது."

"ஜெயிச்சு எனக்குப் பழக்கமே இல்ல, தலைவரே" என்றார் அண்ணன்.

அக்கா அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். நல்லசாமி போன பிறகு வெளியே வந்தார்.

"முடியாதுன்னு சொல்லிருக்கலாம்ல?"

"இதான் கடைசி. அப்பா ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

"கேட்டீங்களா அவர? பாக்கணும்னு சொன்னாரா?"

மாமா டிவியைப் பார்த்தபடி, "என்னைய இழுக்காதீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெடலுக்கு நாற்காலி போடுவானுங்களா?" என்றார்.

அக்கா அதற்குமேல் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: ஹைகலிடம் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் சரி என்றார். பிறகு இரண்டு தடவை கேட்டபோதும் "சொல்லிக்கலாம்" என்றார். சொன்னால் ஹைகல் தூக்கமாட்டான் என்று அக்காவுக்கும் தெரியும். தூக்கிப் போடாத கங்காணியைப் பார்க்க யார் வருவார்கள்?

*

திடலில் காலையிலேயே ரிங் வந்து இறங்கியது. லாரியில் இரும்புக் கம்பங்கள், பலகைகள், மெல்லிய பஞ்சு விரிப்பு, அதன்மேல் இழுத்துக் கட்டும் கான்வாஸ் துணி. நான் தொட்டுப் பார்த்தேன். பஞ்சு என் உள்ளங்கை தடிமன்கூட இல்லை. கீழே பலகை கெட்டியாகத் தட்டுப்பட்டது. இளைஞர்கள் கம்பத்தை நட்டுக் கயிறுகளை முறுக்கிக் கட்டினார்கள். மதியம் ஒரு மழை பெய்து கான்வாஸ் நனைந்தது. பெண்கள் கோயிலில் கிடந்த பழைய துண்டுகளைக் கொண்டுவந்து ஒற்றி எடுத்தார்கள். செம்பனை எண்ணெய் ஆலையின் புளித்த வாடை மழைக்குப் பிறகு தரையோடு படிந்து நின்றது. மடைப்பள்ளியில் மிஞ்சிய அன்னதானச் சாம்பாரைச் சூடாக்கி எல்லோருக்கும் சோறு போட்டார்கள்.

நாலு மணிக்கு மேல் ஹைகல் மோட்டாரில் வந்து இறங்கினான். மடைப்பள்ளிக்குப் பின்னால்தான் அவர்கள் உடை மாற்றும் இடம். அக்கா தேத்தண்ணீர் கொண்டுபோனார். நான் ரொட்டிப் பையோடு கூடப் போனேன். அண்ணன் தலைப்பாகை சுற்றிக்கொண்டிருந்தார். ஹைகல் கட்டை விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே கேட்டான்.

"எனக்கு வலது முட்டிண்ணே. அந்தப் பக்கம் ஒதைக்காதீங்க. ஒங்களுக்கு எங்க வலி?"

"எங்கயும் இல்லடா."

"பொய்யி! இந்த வயசுல எங்கயும் இல்லையா? எங்க வாப்பாவுக்குக் கல்லாவுல உக்காந்தே இடுப்பு வலிக்குது."

"ஒங்க வாப்பா வேலை செஞ்சா வலிக்காது. சத்தியமாடா, வலியே இல்ல."

அவர் சொன்னது உண்மைதான். அந்தக் கையில் வலி இல்லை. ஹைகல் சிரித்தபடி அக்கா பக்கம் திரும்பினான்.

"நெசமா, அண்ணி?"

அண்ணனும் அக்காவைப் பார்த்தார். அக்கா தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே நின்றார். திடலில் நல்லசாமி மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' என்பது கேட்டது.

"வலின்னு என்கிட்ட ஒண்ணும் சொல்லலப்பா" என்றார் அக்கா.

*

ஆறு மணிக்குத் திடல் நிறைந்துவிட்டது. மாமா முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், கோயிலுக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டையில் இருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் அக்காவும் நானும். அந்தப் பக்கம் மாமாவோடு ஒரே ரப்பர் நிரையில் பால் வெட்டிய முத்தாயி அம்மாள், வெற்றிலையை அதக்கிக்கொண்டு.

ஊதல் சத்தம் கேட்டது. கங்காணி குடையோடு வந்தார். தலைநகர மண்டபத்தில் அவர் தோன்றியதும் கூச்சல் கிளம்பும். இங்கே முதலில் ஒரு சத்தமும் இல்லை. பெரியவர்கள் அந்தக் கோட்டையும் தலைப்பாகையையும் மேலும் கீழும் பார்த்தார்கள். அண்ணன் கொஞ்சம் தடுமாறியது எனக்குத் தெரிந்தது. கயிற்றுக்குள் நுழைந்து குடையால் கம்பத்தைத் தட்டினார்.

"பெரட்டு! பெரட்டு! சோம்பேறிக் கழுதைகளா, வரிசைக்கு வாங்க! முத்தாயி!"

"இங்கதான்டா இருக்கேன், எடுபட்டவனே! ஒன் மூக்கச் சிந்தி விட்டவளே நான்தான்!"

திடல் வெடித்துச் சிரித்தது.

"வாய் நீளுது! இன்னிக்கு ஒனக்கு அரை நாள் கூலிதான்!"

"எங்கப்பன் நெசக் கங்காணியவே கொடையோட கெணத்துல தள்ளப் பாத்த ஆளு! நீ எம்மாத்தரம்? எறங்கி வாடா இங்க!"

அப்புறம் கூச்சலுக்குக் குறைவே இல்லை. யாரோ ரம்புத்தான் தோலை வீசினார்கள். அண்ணன் இன்னும் நாலைந்து பேரைக் கூப்பிட்டார். கடைசியாக மூச்சை இழுத்துக்கொண்டு, "ஆறுமுகம்!" என்றார்.

எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா முட்டியில் கை வைத்தபடி இருந்தார். அவர் பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னிக்கு லீவுங்க!" என்றார் மாமா.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணனும் சிரித்துவிட்டார் போலிருக்கிறது; குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

ஹைகல் ஏறினான். ஆட்டத்தை எனக்குச் சரியாக வர்ணிக்க வராது. கங்காணி குடையால் குத்தினார், கண்ணில் விரலை விட்டார், நடுவரின் முதுகுக்குப் பின்னால் கழுத்தை நெரித்தார். சனம் நாற்காலிமேல் ஏறி நின்று ஏசியது. பிறகு ஹைகலின் முறை வந்தது. அவன் அண்ணனைத் தூக்கி முதுகு படப் போட்டான். பலகைச் சத்தம் நெஞ்சில் இடித்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கையப் பாரு" என்றார்.

ஹைகல் மேலே பாய்ந்து குத்துவதுபோல் செய்தான். அவன் விரல்கள் அண்ணனின் இடது கையைச் சுற்றின. அண்ணன் தலையைப் புரட்டி வலியில் துடிப்பதுபோல் கையைப் பார்த்தார், பார்த்துவிட்டு அமுக்கினார்.

"கண்ணால பாத்துத்தான் அமுக்குறாரு" என்றார் அக்கா. "ரொம்ப நாளா இப்படித்தான் ஏமாத்தியிருக்காரு அந்தப் பையன."

இரண்டாவது முறையும் அப்படியே நடந்தது. அக்காவின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. தலைக்கு மேலே தூக்கிப் போடுவது. அதற்கப்புறம் நடுவர் எண்ணுவார், முடிந்துவிடும்.

ஹைகல் அவரைத் தூக்கினான். கோட்டு விரிந்து, தலைப்பாகை அவிழ்ந்து தொங்கியது. ஒரு கணம் அண்ணன் திடலுக்கெல்லாம் மேலே கிடந்தார். பிறகு விழுந்தார். அவர் முகம் எங்கள் பக்கமாகத் திரும்பி இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி பின்னால் சரிந்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார்.

அண்ணன் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அந்தப் பக்கம் இருந்தது.

"கையப் பாருங்க" என்றார் அக்கா. எனக்கே சரியாகக் கேட்காத குரலில்தான் சொன்னார்.

ஹைகல் அந்தக் கையைப் பிடித்துக் குனிந்திருந்தான். அவன் தோள் ஒருமுறை இறுகியது. காத்திருந்தான். இன்னொரு முறை இறுகியது. அவன் முகத்தில் இருந்த நடிப்பு போய்விட்டது. எழுந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் போட்டுக் காட்டினான். நடுவர் ஓடிவந்து மணியடிக்கச் சொன்னார்.

சனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "எண்ணுடா! கங்காணிய எண்ணு!" என்று கத்தினார்கள். அண்ணன் படுத்தபடியே, "என்னாடா பண்றே, மேல விழுடா" என்பது முதல் வரிசைக்குக் கேட்டது. எழுந்துகொள்ளவும் பார்த்தார். ஹைகல் அவர் நெற்றியை இரண்டு கையாலும் அழுத்தி, "ஆடாதீங்க, தலைய ஆட்டாதீங்க" என்றான். நல்லசாமி மைக்கில், "என்னா, முடிஞ்சிருச்சா? யாருலா ஜெயிச்சா?" என்றார். முத்தாயி அம்மாள் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கங்காணிக்கு நெசமாவே என்னமோ ஆயிருச்சு, சும்மா இருங்க" என்று அதட்டினார்.

*

அண்ணனுக்கு அந்த விழுகையில் ஒன்றும் ஆகவில்லை. மடைப்பள்ளிக்குப் பின்னால் தானே நடந்துதான் வந்தார். ஹைகல் எதிரே நின்றான்.

"அமுக்கினேன்லா. ரெண்டு தடவ."

"கவனிக்கல."

"எப்படி கவனிக்காம இருப்பீங்க? கைய நீட்டுங்க." அவன் அண்ணனின் உள்ளங்கையைத் திருப்பினான். கல்லில் வெந்த தழும்பு விரல்களில் வரிசையாக இருந்தது. அதை ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தான். "எத்தன நாளா?"

அக்காதான் டாக்டர் சொன்னதைச் சொன்னார், காலைப் பற்றியும்.

"நான் கேட்டேன்ல, எங்க வலின்னு கேட்டேன்ல!"

"வலி இல்லன்னேன். இல்லதான்."

"அண்ணே, நான் ஒங்கள தலைக்கு மேல தூக்கிப் போட்டேண்ணே. ஒங்க காலு போயிருந்தா? அப்புறம் இந்தக் கையால நான் ரொட்டி வீசணும், திங்கணும், தொழணும்." அவன் அக்காவைப் பார்த்தான். "அண்ணி, நெசமான்னு ஒங்களக் கேட்டேன்."

"கேட்டே" என்றார் அக்கா.

அவன் பையை எடுத்துக்கொண்டான். மறுபடி மழை பிடித்திருந்தது. மோட்டார் தோட்டத்துச் சாலையில் போகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

காரில் கிளம்பினோம். லுக்குட் ஊரைத் தாண்டும்போது மாமா அண்ணனைக் கேட்டார்.

"அடியெல்லாம் ஆக்டிங்குன்னுதானே சொன்னே? கை மட்டும் எப்பிடி நெசமா மரத்துச்சு?"

"விழுறது ஆக்டிங் இல்லப்பா. பலகை பலகைதான்."

"ம்."

"நீங்க ஏம்பா எந்திரிச்சீங்க?"

மாமா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எந்திரிக்கல" என்றார். "நான் எந்திரிச்சேன்."

*

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. அண்ணன் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டார். தொழிற்சாலையில் அவரை ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து எடுத்துக் கிடங்கு வாசலில் உட்கார வைத்தார்கள். வேலை முடிந்து வந்து டிவி முன்னால் உட்கார்வார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். கறுப்புக் கோட்டை அக்கா துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். காய்ந்த பிறகும் யாரும் எடுக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அவர்கள் டிவியின் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஹைகலுக்கு அண்ணன் பல முறை ஃபோன் செய்தும் அவன் எடுக்கவில்லை என்று அக்கா சொன்னார். அக்காவும் ஒரு முறை அழைத்துப் பார்த்தாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் சோப்புத்தூள் கடன் கேட்கப் போயிருந்தபோது, வாசலில் மோட்டார் வந்து நின்றது. தொழுகைக்குப் போட்ட ஜிப்பாவோடு ஹைகல் உள்ளே வந்தான். கையில் கடைப் பொட்டலம்.

"வாப்பா கொடுத்தாரு. ஆட்டுக் குருமா" என்று அக்காவிடம் கொடுத்தான்.

"ஒக்காருப்பா."

அவன் அண்ணனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தான். டிவியில் ஏதோ பழைய தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவனுக்குக் கால் நீட்ட இடம் விட்டார்.

"ஆப்பரேஷன் எப்போ?" என்றான் ஹைகல்.

"தேதி வரல."

"யாரு இப்ப கங்காணி?" என்றார் அண்ணன் கொஞ்சம் கழித்து.

"யாரும் இல்ல. ஒருத்தன் கோட்ட மாட்டிக்கிட்டு வந்தான். பெரட்டு கூப்பிடத் தெரியல. சனம் ஃபோனப் பாத்துக்கிட்டு இருந்திச்சு."

அண்ணன் தலையை ஆட்டப் பார்த்தார், பட்டை விடவில்லை. ஹைகல், அண்ணனின் மடியில் கிடந்த இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அண்ணனின் கண்கள் கீழே இறங்கின.

"பாக்காதீங்கண்ணே. டிவியப் பாருங்க."

அண்ணன் டிவியைப் பார்த்தார். அக்கா பொட்டலத்தைப் பிரிக்காமல் அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். நான் நின்ற இடத்திலிருந்து ஹைகலின் கை நன்றாகத் தெரிந்தது. அவன் அமுக்கினான். விரல் முட்டிகள் வெளுக்கும் அளவுக்கு அமுக்கினான். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தான்.

"அமுக்கிட்டியாடா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே" என்றான் ஹைகல். "இன்னும் இல்ல."

"சரி. அமுக்குறப்ப சொல்லு."